ஐந்து மணிக்குத் துணை

என் சித்தப்பா கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலையில் லோடுமேனாக இருந்தார். 75 கிலோ மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு சாய்வுப் பலகையில் ஏறி லாரிக்குள் அடுக்குகிற வேலை. சாயங்காலம் கூலி கைக்கு வந்ததும் உடம்பு வலிக்கென்று குடிப்பார். சில வருஷங்களில் காலையிலும் குடித்தாக வேண்டும் என்றாகிவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்ததும் கை நடுங்கத் தொடங்கும். சித்தி நீட்டும் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். அப்படியும் பாதி டீ வேட்டியில் சிந்தும். ஒரு மடக்கு உள்ளே இறங்கினால்தான் கை நிற்கும். அந்த ஒரு மடக்குக்காக, கோழி கூவும் நேரத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பிப் போவதைத் திண்ணையில் படுத்தபடி பார்த்திருக்கிறேன்.

ஒரு கார்த்திகையில் அவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். நேற்றுவரை பேர் சொல்லாமல் ‘அந்தக் குடிகாரன்’ என்றவர்கள் அன்று காலையிலிருந்து ‘சாமி’ என்றார்கள். ஐந்து மணிக்கு நாலு சாமிகள் வாசலில் வந்து சரணம் சொல்லி அவரை எழுப்பினார்கள். கிணற்றடியில் பச்சைத் தண்ணீர்க் குளியல், வெறுங்காலோடு கோயிலுக்கு நடை, சாயங்காலம் பஜனை. மூன்றாம் நாள் இரவு அவர் தூங்கவில்லை. வேர்த்துக் கொட்டியது. சுவரில் எறும்புக் கூட்டம் ஊர்வதாகச் சொல்லி உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். வீட்டில் இருந்தவர்கள் அருள் வந்துவிட்டது என்று கற்பூரம் ஏற்றினார்கள். நெடுநாள் குடித்த உடம்பு திடீரென்று மது கிடைக்காதபோது காட்டும் அபாயக் குறி அது. மருத்துவம் இல்லாவிட்டால் உயிரையே எடுத்துவிடக்கூடியது என்று எனக்குத் தெரிய இன்னும் பதினைந்து வருஷம் ஆனது. அவர் பிழைத்ததை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிழைத்தபின் வந்த நாட்கள் அபூர்வமானவை. டம்ளர் ஒரு கையில் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. எருமேலியிலிருந்து பம்பைக்குப் போகும் பெரிய பாதையில், அழுதா மேட்டிலும் கரிமலையிலும் மற்றவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, அவர்தான் பெரியவர் ஒருவரின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறினாராம். திரும்பி வந்து மாலையைக் கழற்றினார். அதற்கு மறுநாள் காலை ஐந்து மணிக்கு வாசலில் சரணம் கேட்கவில்லை. எழுப்ப வந்தவர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நீண்ட தூர ஓட்டமும் நடையும் போதையிலிருந்து மீள உதவுமா என்று உலகில் பல இடங்களில் ஆராய்கிறார்கள். அந்த ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பா மாலை போட்டிருந்த அந்த நாற்பத்தொரு நாள்தான் நினைவுக்கு வருகிறது. விரதம், கடுமையான நடை, கூட்டம், குருசாமி, புதுப் பெயர், போய்ச் சேர ஒரு மலை: இன்று மேலை நாடுகளின் மீட்புக் குழுக்கள் யோசித்து யோசித்துக் கோத்தெடுத்த அத்தனையும் அதில் இருந்தன. நாற்பத்திரண்டாம் நாள் மட்டும் இல்லை.

2024 ஜூன் மூன்றாம் வாரம். கள்ளக்குறிச்சி நகருக்குள், காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கருணாபுரத்தில், பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டும் கண் தெரியாமலும் விழத் தொடங்கினார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதையே குடித்ததாக அன்றைய செய்திகள் சொல்லின. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் அரசு மருத்துவமனைகளுக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். பாக்கெட் 50, 60 ரூபாய்க்குக் கிடைத்தது. டாஸ்மாக்கில் அப்போது சாதாரண குவார்ட்டர் 140 ரூபாய். கடை திறப்பதோ மதியம் 12 மணிக்கு. கை நடுங்கும் நேரத்துக்கும் கடை திறக்கும் நேரத்துக்கும் இடையே ஏழு மணி நேரம் கிடக்கிறது. பாக்கெட் வியாபாரம் அந்த இடைவெளியில்தான் நடந்தது.

அதில் கலந்திருந்தது மெத்தனால். அதைக் கல்லீரல் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தின்னும், மூச்சை நிறுத்தும். குடித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாமல் பல மணி நேரம் போவதால், ஒருவர் விழுவதற்குள் இன்னும் பலர் குடித்து முடித்திருப்பார்கள். அதற்கு முந்தைய வருஷம் மே மாதம்தான் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிருந்தது.

கருணாபுரத்துக்குப் பிறகு அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. ஜூன் மாத முடிவுக்குள் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, விற்றவருக்கு ஆயுள் தண்டனைவரை வழி செய்தார்கள். நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. எல்லாம் வேண்டியவைதாம். ஆனால் எல்லாமே விற்றவரையும் இறந்தவரையும் பற்றியவை. அன்று குடிக்காமல் தப்பித்து, மறுநாள் ஐந்து மணிக்குக் கை நடுங்க எழுந்தவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

அந்தச் செய்தி வந்த நாளில் சித்தப்பா குடியை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, “வெடியக்காலைல போயிருப்பானுங்க. அந்த நேரத்துக்குக் கை சும்மா இருக்காது” என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேர் உதவி தேவைப்படும் அளவுக்குப் போய்விட்டவர்கள். மதுவுக்கு முழுதாக அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னார். மற்ற 37 பேரை நினைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சி என்றதும் கல்வராயன் மலையையும் சேர்த்துச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. கருணாபுரத்தின் விஷம் மலைச் சாராயம் அல்ல, தொழிற்சாலைகளுக்கென்று இருக்கும் மெத்தனால். ஆனாலும் அந்தச் சாவுகளுக்குப் பின் போலீஸ் ஏறியது மலைக்கும்தான். மலையில் சாராயம் காய்ச்சுவது பழைய கதை. ஓடையோரம் பேரல்களைப் புதைத்து, வெல்லத்தையும் மரப்பட்டையையும் கடுக்காயையும் போட்டு ஊறவைப்பார்கள். ‘ஊறல் அழிப்பு’ என்று வாரந்தோறும் செய்தி வரும். காய்ச்சியதை லாரி டியூபில் நிரப்பித் தோளில் சுமந்து, போலீஸ் கண்ணில் படாத ஒற்றையடிப் பாதையில் இரவோடு இரவாக அடிவாரம் சேர்ப்பார்கள். நெடுந்தூர விளையாட்டு வீரன் பல மாதம் பயின்று பெறும் காலும் நெஞ்சும் அந்தப் பையன்களுக்குப் பதினாறு வயதில் இருக்கின்றன. அதற்குக் கூலி கொடுக்க ஆள் இருந்தது சாராயத் தொழிலில்தான். இன்னும் சிலரை அதே கால்கள் ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போய்ச் சிறையில் விட்டன.

இந்த மலையின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் அதன் குடியைப் பற்றிப் பேசக்கூடாது. மலையாளிப் பழங்குடிகளின் கல்வராயன் நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1976இல்தான் அது முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது என்பது 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் பேசப்பட்டது. நீதிமன்றம் கேட்டது சாலை, மருத்துவம், பள்ளி, பிழைப்பு பற்றி. மலையின் மேற்குப் பக்கம் சேலம் மாவட்டம். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி நாட்டிலேயே முன்னோடியாக மதுவிலக்கைக் கொண்டுவந்த மாவட்டம் அது. பிறகு மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்கப் பரவியது, 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி போனது. 1983இல் டாஸ்மாக் வந்தது, 2003இல் சில்லறைக் கடையும் அதன் கைக்கே போனது. விற்பனையைப் பற்றி எண்பது வருஷத்துக்கும் மேலாக முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறோம். குடிநோயாளியின் உடம்பைப் பற்றி அந்த அளவுக்கு யோசித்ததில்லை.

உடம்பைப் பற்றி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

நெடுநேரம் ஓடுகிறவருக்கு ஒரு கட்டத்தில் மனம் லேசாகி ஒருவித மகிழ்ச்சி வருவதற்கு எண்டார்ஃபின்தான் காரணம் என்று பலகாலம் சொல்லப்பட்டது. இப்போது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது. ரத்தத்தில் ஓடும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதாக நுழைய முடியாது. மூளைக்குள் நுழையக்கூடிய வேறொரு பொருள் ஓட்டத்தின்போது ரத்தத்தில் கூடுகிறது. ஜெருசலேமில் 1992இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் நம்முடைய ‘ஆனந்தம்’ என்ற சொல்லைச் சேர்த்து ‘ஆனந்தமைட்’ என்று பெயர் வைத்தார்கள். 2021இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் 63 பேரை 45 நிமிடம் ஓடவைத்தார்கள். அதில் எண்டார்ஃபின் வேலை செய்யும் கதவை அடைத்துவிடும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தும் பார்த்தார்கள். ஓட்டத்தின் மகிழ்ச்சி குறையவில்லை, பதற்றமும் வழக்கம்போல் தணிந்தது. நால்ட்ரெக்சோன், குடிக்கும் வேட்கையைக் குறைக்க மருத்துவர்கள் தரும் மருந்துகளில் ஒன்று. அந்த மாத்திரையை விழுங்குகிறவருக்கும் ஓட்டத்தின் இன்பம் மிச்சமிருக்கலாம் என்பது எனக்கு மிகவும் ஆறுதலான செய்தியாகப் பட்டது. குடியை விட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். விட்ட முதல் சில மாதங்களில் எதிலும் ருசி இல்லை, சோறும் பிள்ளையும் பாட்டும் எல்லாம் சப்பென்று இருந்தன என்பார்கள். அந்த வறண்ட மாதங்களில் உடம்பே உண்டாக்கித் தரும் ஒரு சிறு இன்பம் பெரிய விஷயம்.

ஆனால் ஓடினால் குடி நின்றுவிடும் என்று சொல்ல ஆய்வுகள் இடம் தரவில்லை. 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 22 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, உடற்பயிற்சி செய்த போதையாளர்கள் போதையைத் தவிர்த்து நிற்கும் வாய்ப்பு கூடுகிறது, மனச்சோர்வும் பதற்றமும் குறைகின்றன என்று சொன்னது. மதுவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு நல்ல முடிவு கிடைக்கவில்லை. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் மது சிகிச்சைக்கு வந்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள்: கூட்டமாக ஓடுகிறவர்கள், தனியாக ஓடுகிறவர்கள், சிகிச்சை மட்டும் பெறுகிறவர்கள். 2017இல் வந்த முடிவில், அளவுமீறிக் குடிப்பதில் மூன்று பிரிவுக்கும் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. சுவீடனில் 140 பேரிடம் யோகாவையும் உடற்பயிற்சியையும் வழக்கமான ஆலோசனையையும் ஒப்பிட்டார்கள். மூன்றிலும் குடி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஓட்டத்தால் பயனில்லை என்று நான் படிக்கவில்லை. சோதனைக்காக வந்தவர்கள் எல்லோருக்குமே ஒன்று பொதுவாகக் கிடைத்தது: யாரோ ஒருவர் தேதி குறித்து, “வந்தீர்களா? எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். யோகாவுக்கு வந்தவருக்கும் ஆலோசனைக்கு வந்தவருக்கும் அது கிடைத்தது. என்னுடைய முடிவு இதுதான்: குணப்படுத்துவதில் பெரும் பங்கு துணைக்கு உண்டு, ஓட்டமோ நடையோ அந்தத் துணை தினமும் கூடுவதற்கு ஒரு காரணத்தைத் தருகிறது. ‘நீ குடிக்காமல் இருக்கிறாயா என்று பார்க்க வந்தேன்’ என்று தினமும் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது, அவருக்கும் மானம் உண்டு. ‘வா, நடந்துவிட்டு வரலாம்’ என்று வருஷம் முழுக்கத் தட்டலாம்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆன் மாலம் என்ற பெண் தினமும் விடியற்காலை ஓடும்போது, வீடற்றவர்கள் தங்கும் விடுதி வாசலில் சில ஆண்கள் நின்று அவருக்குக் கையசைப்பார்கள். போதைப் பழக்கமுள்ள தந்தையின் மகள் அவர். 2007இல் அவர்களையும் சேர்த்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். ‘பேக் ஆன் மை ஃபீட்’ என்ற அமைப்பு அப்படிப் பிறந்தது. வாரத்தில் மூன்று நாள் விடியலில் ஓட்டம். ஓடுவதற்கு முன் எல்லோரும் தோளில் கைபோட்டு வட்டமாக நிற்கிறார்கள். முதல் முப்பது நாளில் நூற்றுக்குத் தொண்ணூறு வருகை இருந்தால் வேலைப் பயிற்சிக்கும் வீட்டுக்கும் அடுத்த கதவு திறக்கிறது. எவ்வளவு வேகமாக ஓடினாய் என்று யாரும் கேட்பதில்லை. வந்தாயா என்பதுதான் கணக்கு. அங்கே அவர்களுக்கு ‘உறுப்பினர்’ என்று பெயர். எங்கள் ஊரில் ‘சாமி’ செய்த வேலையை அங்கே இந்தச் சொல் செய்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்கிட் ரோ பகுதியில் 2012இல் ஓட்டக் குழு தொடங்கிய கிரெய்க் மிட்செல் அப்போது நீதிபதியாக இருந்தார். அவரால் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்று வந்த ஒருவர் தன் விடுதிக்கு வந்து பார்க்கும்படி அழைத்ததில் அது தொடங்கியது. தண்டித்தவரும் தண்டனை பெற்றவரும் ஒரே தெருவில் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். கொலராடோவில் 2006இல் ஸ்காட் ஸ்ட்ரோட் தொடங்கிய ‘தி ஃபீனிக்ஸ்’ அமைப்பில் மலையேற்றமும் மிதிவண்டியும் பளு தூக்கலும் உண்டு. சேருவதற்குக் கட்டணம் 48 மணி நேரம் போதையில்லாமல் இருந்திருப்பது மட்டுமே. எனக்கு இந்தக் கட்டணம் பிடித்திருக்கிறது. வாழ்நாள் சத்தியம் எதுவும் கேட்காமல், இரண்டு நாளை மட்டும் கேட்கிறது.

அண்டையில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்து மரோட்டிச்சாலில் கால்களுக்கு வேலையே இல்லாமல் இதே காரியம் நடந்தது. கள்ளச்சாராயமும் சூதும் மலிந்த கிராமத்தில் உண்ணிகிருஷ்ணன் என்ற டீக்கடைக்காரர் சதுரங்கம் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். சாயங்காலம் குடிக்கக் கூடியவர்கள் பலகையைச் சுற்றிக் கூடினார்கள். ஆக, மராத்தான்தான் வேண்டும் என்று இல்லை. குடி பிடித்துவைத்திருந்த அந்த மணி நேரத்தை வேறொன்று போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி எழுகிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவரிடம் போய் ஓடு என்று சொல்வது நியாயமா? என் சித்தப்பாவுக்கு உடலுழைப்புக்கா பஞ்சம்? டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மான் போன்றவர்கள் பல வருஷமாக இதை ஆராய்கிறார்கள். 2018இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சுமார் 1.9 லட்சம் பேரின் தரவுகளைப் பார்த்தது. வேலையில் கடும் உடலுழைப்பு உள்ள ஆண்களுக்கு, உழைப்பு குறைந்தவர்களைவிட முன்கூட்டிய மரணத்தின் அபாயம் 18 சதவீதம் கூடுதல். ஓய்வு நேரத்தில் ஓடுகிறவருக்கு ஆயுளைக் கூட்டும் உடலசைவு, சுமை தூக்குகிறவருக்கு ஆயுளைக் குறைப்பதாகத் தெரிகிறது. ஒரே அசைவாக மணிக்கணக்கில், நிறுத்த உரிமையில்லாமல், குனிந்த முதுகோடு செய்வதால் இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் ஓய்வு கிடைப்பதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். சித்தப்பா உடம்பு வலிக்குக் குடித்தேன் என்றது சாக்கு என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அது உண்மையாக இருந்திருக்கிறது. வலிக்கு மருந்து தேடியவர் வலியைவிடப் பெரிய நோய்க்குள் போய் விழுந்தார்.

ஆகவே கூலிக்காரருக்கான விளையாட்டு அவர் முதுகில் ஏற்றும் இன்னொரு மூட்டையாக இருக்கக்கூடாது. அது நிமிர்ந்த நடையாக இருக்கலாம், பேசிக்கொண்டே போகிற அளவு வேகத்தில். வேண்டும்போது நிற்கும் உரிமை அதில் இருக்க வேண்டும். நேரமும் முக்கியம். நகரத்து ஓட்டக் குழுக்கள் எல்லாம் விடியலில் கூடுகின்றன, வெயிலுக்கு முந்தி ஓடுவதற்காக. குடிநோயாளிக்கு விடியல் என்பது நடுக்கத்தின் நேரம். அவருக்கு இன்னொரு ஆபத்தான நேரம் சாயங்காலம் ஆறு மணி, கூலிப் பணம் சட்டைப்பையில் சூடாக இருக்கும் நேரம். கள்ளக்குறிச்சி அரிசி ஆலைகள் வேலை முடிந்து ஆட்களை விடும்போது ஆலை வாசலில் ஒரு வாலிபால் வலை கட்டியிருந்தால் எத்தனை பேர் அந்த ஒரு மணி நேரத்தைக் கடந்திருப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

முதல் படி மருத்துவமனைதான், மைதானம் அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் எறும்பும் பூச்சியும் தெரியும் குழப்பம் வரலாம். தயமின் என்ற வைட்டமின் குறைந்திருக்கலாம். நெடுநாள் குடியால் இதயத் தசை தளர்ந்திருக்கலாம். அந்த உடம்பை ஓடவைப்பது கொலைக்குச் சமம். முதல் வாரத்தை மருத்துவர் கையில் விட்டுவிட்டு, இதயத்தையும் கல்லீரலையும் பார்த்த பிறகுதான் நடையைப் பற்றிப் பேச வேண்டும். அரசு மருத்துவமனைகளில் 2025இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டிருக்கின்றன. அந்த முதல் வாரத்துக்கு அவை உதவும். வீடு திரும்பிய பிறகு வரும் எட்டாம் நாள்தான் ஊரின் கையில் இருக்கிறது.

ஊர் இதைச் செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. குடிக்குக் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் 1980இல் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். குடியை ஒழுக்கக்கேடாகவே பார்த்த காலத்தில் அதை நோய் என்று சொல்லி, குடும்பத்தையும் சேர்த்து மருத்துவம் பார்த்த இடம் அது. ‘குடிகாரன்’ இருந்த இடத்தில் ‘குடிநோயாளி’ என்ற சொல் இங்கே வேர் பிடித்ததில் இதுபோன்ற முயற்சிகளுக்குப் பங்கு உண்டு. அந்த அமைப்பு நோயாளியைச் சென்னைக்கு வரச் சொல்வதோடு நிற்காமல் கிராமத்துக்கே போனது. இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் நடந்த முகாமின் அனுபவத்தை அவர் 1994இல் ‘அடிக்ஷன்’ ஆய்விதழில் எழுதினார். ஊரிலேயே தங்கவைத்துச் சிகிச்சை, மனைவிமாருக்கும் வகுப்பு, ஊர்ப் பெரியவர்களின் பொறுப்பு, பிறகு மாதக்கணக்கில் தொடர்ந்து போய்ப் பார்ப்பது. அந்த முகாமின் உயிர் கடைசியில் சொன்ன தொடர்ச்சியில் இருந்தது.

கல்வராயனில் இதைத் தொடங்க வெளியிலிருந்து அதிகம் கொண்டுவர வேண்டியதில்லை. கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையைவிட நல்ல பயிற்சிக் களம் எங்கே கிடைக்கும்? அடிவாரத்து ஊர்களில் விடியற்காலை நாலரைக்கே சாலையில் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் கடக்க வேண்டும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடுகிறவர்கள். அவர்களுடைய அப்பாக்களும் மாமாக்களும் அதே இருட்டில் வேறு திசையில் போய்க்கொண்டிருப்பார்கள். இரண்டு கூட்டமும் ஒரே சாலையில், ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் கடந்து போகின்றன. ஓடும் பையன்களில் நாலு பேர் வாரத்துக்கு இரண்டு நாள் மெதுவாக நடக்கச் சம்மதித்தால் போதும். ஆனால் மனைவியின் தலையில் இந்த வேலையையும் கட்டிவிடக்கூடாது. மாலை போட்ட நாட்களில்கூடச் சித்திதான் மூன்று மணிக்கு எழுந்து தலைக்குக் குளித்துத் தனிச் சமையல் செய்தாள். அவளுக்கும் ஒரு நடைக் கூட்டம் வேண்டும். மகளிர் குழுக்கள் நடத்தினால் பெண்கள் வருவார்கள்.

வெளிநாட்டுக் குழுக்கள் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கின்றன: விழுகிறவர்கள் இருப்பார்கள். மறுபடி குடித்தவர் நாலு நாள் கழித்து வந்தால் வட்டத்தில் அவருக்கு இடம் இருக்க வேண்டும். மாலை போட்டவர் இடையில் குடித்துவிட்டால் தீட்டு என்று மாலையைக் கழற்றிவிடுவார்கள். விரதத்துக்கு அது சரி. நோய்க்குச் சரிவராது.

சித்தப்பா எப்படி மீண்டார் என்பதை இன்னும் சொல்லவில்லை. மாலை கழற்றி ஒரு வருஷம் கழித்து ரத்த வாந்தி எடுத்தார். மருத்துவமனையில் பல நாள் கிடந்து, மாத்திரையோடு வீட்டுக்கு வந்தார். எதிர்த் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். சர்க்கரை நோய்க்காக ஏரிக்கரையில் நடப்பார். சித்தப்பா வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கு அவர் கதவைத் தட்டினார்.

“ஏம்பா, எழுந்துட்டியா? கரை வரைக்கும் வா. இருட்டுல தனியாப் போவப் பயமா இருக்குது, பாம்பு கீம்பு கெடக்கும்.”

“வந்துட்டேங்க சார்.”

பத்து வருஷமாகத் தனியாக நடந்தவருக்கு அன்றைக்கென்று பாம்புப் பயம் வந்தது எப்படி என்று சித்தப்பா கேட்கவில்லை. முதல் மாதம் ஏரிக்கரையில் பாதித் தூரம். பிறகு கரை முழுக்க. பிறகு பக்கத்து ஊர்வரை போய் டீ குடித்துத் திரும்புவது. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம். அப்படி நடந்த வருஷங்களில் இரண்டு முறை சித்தப்பா குடித்தார். இரண்டு முறையும் வாத்தியார் மறுநாள் ஐந்து மணிக்குத் தட்டினார், எதையும் கேட்கவில்லை. இரண்டாம் முறைக்குப் பிறகு அவர் குடித்ததாக எனக்குத் தெரியாது.

வாத்தியார் இறந்தது ஒரு மாசி மாதம். காரியம் முடிந்த மறுநாள் நான் ஊரில்தான் இருந்தேன். ஐந்து மணிக்கு விழிப்பு வந்து பார்த்தபோது சித்தப்பா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எதிர்வீட்டுக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்குத் தெருவுக்குப் போனார். அங்கே ஆலையில் அவரோடு மூட்டை தூக்கிய ஒருவர் போன வாரம்தான் மருத்துவமனையிலிருந்து வந்திருந்தார். தட்டும் சத்தம் திண்ணைவரை கேட்டது.